டிஆர்பி தாளைப் படித்து டிவி விளம்பரம் வாங்குவது எப்படி? குமரி மாவட்டக் கடைகளுக்கு முழுமையான வழிகாட்டி

விளம்பரம் கேட்டு வரும் சேனல் பிரதிநிதி மேசையில் வைக்கும் டிஆர்பி தாளில், நிகழ்ச்சியை எவ்வளவு பேர் பார்க்கிறார்கள் என்று சொல்லும் ரேட்டிங் எண் ஒன்று கொட்டை எழுத்தில் இருக்கும். பக்கத்திலேயே ‘நம்பர் ஒன்’ என்று ஒரு வட்டம். டிவிக்குப் புதிதாக வரும் கடைக்காரர் அந்த எண்ணைப் பார்த்ததும் நேராக விலை பேச ஆரம்பித்துவிடுகிறார். தடுமாற்றம் அங்கேயே தொடங்கிவிடுகிறது. அந்த எண் தமிழ்நாடும் புதுச்சேரியும் சேர்ந்த ஒரே சந்தைக்கானது. களியக்காவிளைக்கும் ஆரல்வாய்மொழிக்கும் நடுவே எத்தனை பேர் பார்த்தார்கள் என்று அது சொல்லாது. அதை நாம்தான் கணக்குப் போட்டு எடுக்க வேண்டும். அந்தக் கணக்கை எந்த வரிசையில் போடுவது, எங்கே சறுக்கும் என்பதைக் கீழே பார்க்கலாம்.

## தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

கடைசி மூன்று மாத பில்கள், அதில் வாடிக்கையாளரின் பின்கோடு. ஜிஎஸ்டி சேர்த்து எவ்வளவு செலவழிக்க முடியும் என்ற ஒரு தொகை. 10 அல்லது 20 வினாடியில் முடிந்த விளம்பரப் படம். எக்செல் தெரிந்த ஒரு ஆள். இவற்றோடு, ரேட்டிங் மென்பொருளுக்குச் சந்தா கட்டியுள்ள ஒரு விளம்பர ஏஜென்சியின் தொடர்பும் வேண்டும். முழுத் தரவு சந்தாதாரர்களுக்கு மட்டுமே கிடைக்கும். பொதுமக்கள் பார்வைக்கு வருவது முன்னணி நிகழ்ச்சிகளின் சிறு பட்டியல் மட்டும்தான், அதை வைத்துத் திட்டம் போட முடியாது.

படம் தயாராகும் முன்பே ஸ்லாட் (விளம்பரம் ஓடும் நேரம்) பிடித்துவிடுவது இங்கே அடிக்கடி நடக்கும் தவறு. எடிட்டிங் தள்ளிப்போய், பண்டிகைக்கு முந்தைய வாரத்து நல்ல ஸ்பாட்கள் கைவிட்டுப் போகும் (விளம்பரம் ஒரு தடவை ஓடுவது ஒரு ஸ்பாட்). படத்தை முடித்துவிட்டு நேரம் வாங்குங்கள்.

## 1. பில்லில் பின்கோடைப் பிரியுங்கள்

ரேட்டிங்கைத் தொடுவதற்கு முன் இந்த வேலை. குமரி மாவட்டப் பின்கோடுகள் 629-இல் தொடங்கும். 627 என்றால் திருநெல்வேலிப் பக்கம், 695 என்றால் திருவனந்தபுரம். எக்செல்லில் முதல் மூன்று இலக்கத்தை வைத்து வரிசைப்படுத்தினால் போதும், யாருக்காக விளம்பரம் செய்கிறோம் என்பது அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். 629-ஐ மட்டும் இன்னொரு முறை பிரியுங்கள்: அகஸ்தீசுவரம், தோவாளை பக்கத்து ஊர்கள் ஒரு பக்கம், விளவங்கோடு, கிள்ளியூர் பக்கத்து ஊர்கள் மறுபக்கம். இது ஏன் தேவை என்பது ஆறாம் படியில் வரும்.

ஆள் எண்ணிக்கையோடு விற்பனைத் தொகையையும் கூட்டிப் பாருங்கள். வடசேரியில் இருக்கும் ஒரு துணிக்கடைக்குத் தலைகளில் பாதி உள்ளூராக இருக்கலாம். ஆனால் கல்யாணப் பட்டு வாங்கியவர்கள் வள்ளியூரிலிருந்தோ பாறசாலையிலிருந்தோ வந்தவர்களாக இருந்தால் பணம் அங்கிருந்துதான் வருகிறது.

## 2. எண் எங்கிருந்து வருகிறது என்று புரிந்துகொள்ளுங்கள்

இந்தியாவில் ரேட்டிங் தருவது பார்க் இந்தியா என்கிற அமைப்பு. சேனல்கள், விளம்பரதாரர்கள், விளம்பர ஏஜென்சிகள் ஆகிய மூன்று தரப்பின் சங்கங்களும் சேர்ந்து நடத்துவது. 2015 முதல் தரவு வெளியிடுகிறது.

சேனல் தன் ஒலியில் காதுக்குக் கேட்காத ஒரு குறியைப் பதித்து ஒளிபரப்பும். இதற்கு வாட்டர்மார்க் என்று பெயர். தேர்ந்தெடுத்த வீடுகளில் டிவி பக்கத்தில் இருக்கும் மீட்டர் அந்தக் குறியைக் கேட்டு, எந்த நிமிடத்தில் எந்தச் சேனல் ஓடியது என்று பதியும். யார் பார்க்கிறார் என்பது மீட்டருக்குத் தானாகத் தெரியாது. வீட்டில் ஒவ்வொருவருக்கும் மீட்டருக்கான ரிமோட்டில் ஒரு பொத்தான் உண்டு. பார்க்க உட்காரும்போதும் எழுந்து போகும்போதும் அவரவர் அதை அழுத்த வேண்டும். அம்மா அடுக்களைக்குப் போகும்போது பொத்தானை அழுத்த மறந்தால், ஆளில்லாத அறையில் ஓடும் சீரியலும் அவர் பார்த்ததாகவே பதிவாகும்.

இதிலிருந்து மூன்று விஷயங்கள் கிடைக்கின்றன. வாட்டர்மார்க் பதிக்காத சேனலுக்கு ரேட்டிங் கிடையாது, அதனால்தான் உள்ளூர் கேபிள் சேனல்கள் பட்டியலிலேயே வராது. வீட்டுப் பேனலில், அதாவது மீட்டர் வைத்த வீடுகளின் தொகுப்பில், டீக்கடை, சலூன், லாட்ஜ் டிவிகள் சேராது. மூன்றாவது, போனில் பார்க்கிறவர் இந்த எண்ணில் இல்லை.

மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் 2025-இல் சொன்ன கணக்குப்படி நாட்டில் சுமார் 23 கோடி டிவி வீடுகள், சுமார் 58,000 மீட்டர்கள். சராசரியாக ஒரு மீட்டர் வீடு ஏறத்தாழ 4,000 வீடுகளுக்காகப் பேசுகிறது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கேயும் சரிதான், பானை முழுக்க ஒரே சீராக வெந்திருந்தால். குமரி மற்ற மாவட்டங்களைப் போல வேகுகிற சோறு இல்லை.

மீட்டர் வைத்த வீடுகள் எவை என்பது ரகசியம். ஆண்டுதோறும் பேனலில் ஒரு பகுதி வீடுகள் மாற்றப்படும். ‘மீட்டர் வீடு எனக்குத் தெரியும், ரேட்டிங்கை ஏற்றித் தருகிறேன்’ என்று யாராவது சொன்னால் பேச்சை அத்தோடு முடித்துக்கொள்ளுங்கள். 2020 அக்டோபரில் மும்பைக் காவல்துறை எழுப்பிய முறைகேட்டுப் புகாருக்குப் பின் செய்திச் சேனல்களின் வாராந்திர ரேட்டிங்கே நிறுத்தப்பட்டது. 2022 மார்ச்சில்தான் திரும்ப வந்தது, அதுவும் நான்கு வாரச் சராசரியாக.

## 3. எண்ணுக்கு முன் தாளின் தலைப்பைப் படியுங்கள்

தாளின் மேல் ஓரத்தில் சிறிய எழுத்தில் நான்கு விஷயங்கள் இருக்கும்: மார்க்கெட், டிஜி, வாரம், நேரம். இந்த நான்கும் இல்லாத தாளைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

மார்க்கெட் என்ற இடத்தில் ‘டிஎன்/பாண்டி’ என்று இருக்க வேண்டும். சென்னை மட்டும் எடுத்த எண்ணை வைத்து நாகர்கோவிலில் விற்பது சகஜம். நகர்ப்புறமா, கிராமமும் சேர்ந்ததா என்றும் கேளுங்கள்.

டிஜி என்பது யாரைக் கணக்கில் எடுத்தார்கள் என்பது. ‘2+’ என்றால் இரண்டு வயதுக்கு மேல் எல்லோரும், கார்ட்டூன் பார்க்கும் குழந்தை உட்பட. நகைக்கடைக்கு அந்த எண்ணால் பயன் குறைவு. ‘பெண்கள் 22+, என்சிசிஎஸ் ஏபி’ போல உங்களுக்குப் பொருந்துவதைக் கேட்டு வாங்குங்கள். என்சிசிஎஸ் என்பது குடும்பங்களைத் தரம் பிரிக்கும் முறை, ஏ, பி என்பவை மேல் தரங்கள். இது வருமானத்தைக் கேட்டுப் போடும் தரம் அல்ல. குடும்பத்தில் முக்கியமாகச் சம்பாதிப்பவரின் படிப்பையும், மின்விசிறி, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், கார், விவசாய நிலம் என்று 11 பொருள்களில் எத்தனை அந்த வீட்டில் இருக்கின்றன என்பதையும் வைத்துப் போடுவது. வளைகுடாப் பணம் வரும் வீடும் ரப்பர் தோட்டம் உள்ள வீடும் ஒரே தரத்தில் விழலாம், ஆனால் இரண்டு வீட்டிலும் பணம் கைக்கு வரும் மாதம் ஒன்றல்ல.

வாரம் என்பது சனிக்கிழமை தொடங்கி வெள்ளிக்கிழமை முடியும். தரவு அடுத்த வியாழக்கிழமை வரும். ஒரே ஒரு வாரத்தை மட்டும் காட்டினால், அந்த வாரத்தில் பண்டிகைச் சிறப்புப் படமோ சீரியலில் கல்யாண எபிசோடோ வந்ததா என்று பாருங்கள்.

‘நம்பர் ஒன்’ வித்தையும் இந்தத் தலைப்பில்தான் ஒளிந்திருக்கும். ‘ஆண்கள் 31–40, ஏ பிரிவு, நகரம், ஞாயிறு காலை 10 முதல் 10.30’ என்று வடிகட்டிக்கொண்டே போனால் எந்தச் சேனலும் எங்காவது முதலிடத்தில் இருக்கும். டிஜியை நீங்கள் சொல்லுங்கள், அவர் எடுத்து வரட்டும். அவர் எடுத்து வந்த டிஜியில் நீங்கள் பேரம் பேசக் கூடாது.

## 4. ஏஎம்ஏ, டிவிஆர், ரீச், ஜிஆர்பி: நான்கையும் பிரித்தறியுங்கள்

ஏஎம்ஏ என்பது ஒரு நிமிடத்துக்குச் சராசரியாக எத்தனை பேர் பார்த்தார்கள் என்பது. அரை மணி நேர நிகழ்ச்சியில் முதல் 15 நிமிடம் 10 லட்சம் பேரும் அடுத்த 15 நிமிடம் 20 லட்சம் பேரும் இருந்தால் ஏஎம்ஏ 15 லட்சம். தாளில் இது ஆயிரக்கணக்கில் அச்சாகும். ‘2000’ என்று இருந்தால் 20 லட்சம் பேர் என்று அர்த்தம். இரண்டாயிரம் பேர்தானா என்று பிரதிநிதியைப் பார்த்துச் சிரித்தவர்களும் உண்டு.

டிவிஆர் அதையே சதவீதத்தில் சொல்வது. டிஜியில் மொத்தம் 5 கோடி பேர், ஏஎம்ஏ 20 லட்சம் என்றால் டிவிஆர் 4. ஊரில் டிஆர்பி என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான்.

ரீச் என்பது குறைந்தபட்ச நேரமாவது, வழக்கமாக ஒரு நிமிடம், அந்தச் சேனலில் இருந்தவர்களின் எண்ணிக்கை. எப்போதும் பெரிதாகத் தெரியும், அதனாலேயே விற்பவருக்குப் பிடித்த எண். சேனல் மாற்றிக்கொண்டே வந்து ஒரு நிமிடம் நின்றவரும் ரீச்சில் உண்டு, உங்கள் விளம்பரத்தை அவர் பார்த்திருக்க வேண்டியதில்லை. செட்டாப் பாக்ஸை ஆன் செய்ததும் தானாக வந்து நிற்கும் சேனலுக்கு ரீச் கூடுவது இப்படித்தான். அந்த மாதிரித் திடீர் வீக்கத்தைக் களைய வடிகட்டும் முறை உண்டு என்றாலும், ரீச் பெரிதாகவும் ஒருவர் செலவிடும் சராசரி நேரம் மிகச் சிறிதாகவும் இருந்தால் சந்தேகப்படுங்கள்.

ஜிஆர்பி என்பது உங்கள் எல்லா ஸ்பாட்களின் டிவிஆரையும் கூட்டினால் வருவது. டிவிஆர் 4 உள்ள இடத்தில் 25 ஸ்பாட் போட்டால் 100 ஜிஆர்பி. இதே எண் ரீச் சதவீதத்தைச் சராசரிப் பார்வை எண்ணிக்கையால் பெருக்கினாலும் வரும். 50 சதவீதம் பேர் இரண்டு தடவை பார்த்தாலும் 100, 20 சதவீதம் பேர் ஐந்து தடவை பார்த்தாலும் 100. எனவே ஜிஆர்பியை மட்டும் சொன்னால் ஏற்காதீர்கள், ரீச்சையும் சேர்த்துக் கேளுங்கள்.

ஷேர் என்று இன்னொன்று வரும். அந்த நேரத்தில் டிவி பார்த்துக்கொண்டிருந்தவர்களில் எத்தனை பங்கு என்பது அது. இரவு ஒரு மணிக்கு ஷேர் 30 சதவீதம் இருக்கலாம், பார்க்க ஆள் இருக்காது. விலை பேச அதை எடுக்காதீர்கள்.

## 5. மாநில எண்ணை மாவட்ட எண்ணாக மாற்றுங்கள்

எல்லாப் படிகளிலும் முக்கியமானது இதுதான், பலர் தாண்டிப் போவதும் இதைத்தான்.

2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மக்கள்தொகை 7,21,47,030, புதுச்சேரி 12,47,953, கன்னியாகுமரி மாவட்டம் 18,70,374. டிஎன்/பாண்டி சந்தையில் நம் பங்கு 2.55 சதவீதம். அதாவது மாநிலம் முழுக்கத் தெரியும் விளம்பரத்தைப் பார்ப்பவர்களில் 39 பேருக்கு ஒருவர்தான் குமரிக்காரர்.

இப்போது விலையோடு சேர்த்துப் பாருங்கள். கணக்குக்காக ஒரு நிகழ்ச்சியை எடுத்துக்கொள்வோம்: ஏஎம்ஏ 20 லட்சம், 10 வினாடிக்கு ₹20,000. 20 வினாடி விளம்பரத்துக்கு ₹40,000. ஆயிரம் பேருக்கு ஆகும் செலவு ₹20. பிரதிநிதி காட்டும் எண் இதுதான், பார்க்க மலிவு. அந்த 20 லட்சத்தில் குமரியில் இருப்பவர்கள் 2.55 சதவீதம், அதாவது 51,000 பேர். ₹40,000-ஐ அவர்களுக்கு மட்டும் பங்கிட்டால் ஆயிரம் பேருக்கு ₹784.

ஒரே ஒரு கடை, அதுவும் தக்கலையில் மட்டும் என்றால் இந்த ₹784-தான் உங்கள் உண்மை விலை. உள்ளூர் கேபிள், பேருந்து விளம்பரம், நோட்டீஸ் எல்லாவற்றையும் இதோடுதான் ஒப்பிட வேண்டும், ₹20-ஓடு அல்ல.

கிளைகள் இருந்தால் கணக்கு மாறும். நாகர்கோவிலோடு திருநெல்வேலி, தூத்துக்குடியிலும் கடை உள்ளவர், பிரிவதற்கு முந்தைய திருநெல்வேலி மாவட்டத்தின் 30,77,233 பேரையும் தூத்துக்குடியின் 17,50,176 பேரையும் சேர்த்துக்கொள்ளலாம். மூன்றும் சேர்ந்து சந்தையில் 9.1 சதவீதம், ஆயிரம் பேருக்கு ₹219. அந்த நிலையில் மாநிலச் சேனலை யோசிக்கலாம். ஒற்றைக் கடைக்காரர் கௌரவத்துக்காக பிரைம் டைம் வாங்குவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. கிராம்பு, மிளகு, நேந்திரம் சிப்ஸ் என்று மாநிலம் முழுக்கக் கூரியரில் அனுப்புகிறவர் என்றால் விஷயம் வேறு. அவருக்கு ₹20-ம் உண்மை விலைதான்.

இந்த 2.55 சதவீதமும் ‘குமரியில் எல்லோரும் மற்ற மாவட்டங்களைப் போலவே டிவி பார்க்கிறார்கள்’ என்ற அனுமானத்தில் வந்தது. மேற்கே அந்த அனுமானம் தளர்ந்துவிடுகிறது.

## 6. மேற்குத் தாலுகாக்களுக்குத் தனிக் கழிவு போடுங்கள்

குழித்துறை தாண்டிக் களியக்காவிளை வரை பல வீடுகளில் மாலை நேரத்தில் மலையாளச் சீரியல் ஓடும். தமிழ்ச் சேனலின் மாநில ரேட்டிங்கை அந்த வீடுகளுக்கும் அப்படியே பொருத்தினால் கணக்கு உப்பும். முதல் படியில் பிரித்து வைத்த பில்களில் மேற்குப் பக்கத்தின் பங்கு பெரிதாக இருந்தால், கவுண்டரில் இரண்டு வாரம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ‘ராத்திரி எட்டு மணிக்கு வீட்டில் எந்தச் சேனல் ஓடும்?’ இருநூறு பதில்கள் சேர்ந்தாலே கழிவு எவ்வளவு போடலாம் என்று தெரியும்.

இங்கே இன்னொரு குழி இருக்கிறது. மலையாளச் சேனல் பிரதிநிதி கொண்டுவருவது கேரளச் சந்தையின் ரேட்டிங். வீடு எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அந்தச் சந்தையில்தான் அது எண்ணப்படும். மார்த்தாண்டத்தில் மலையாளம் பார்க்கும் வீடு கேரள எண்ணில் இல்லை. அந்தச் சேனலில் விளம்பரம் கொடுத்தால் மார்த்தாண்டம் உங்களுக்கு உபரி, நீங்கள் காசு கொடுப்பது காசர்கோடு வரையிலான கேரளத்துக்கு. 695 பின்கோடில் தொடங்கும் பில்கள் கணிசமாக இருந்தாலொழிய வேண்டாம்.

## 7. சின்ன எண்களை நம்பி முடிவெடுக்காதீர்கள்

மாவட்ட ரேட்டிங் ஏன் வருவதில்லை என்று கேட்பவர்களுக்கு: வீட்டுக்கு நான்கு பேர் என்று வைத்தால் நம் மாவட்டத்தில் சுமார் 4.7 லட்சம் வீடுகள். 4,000 வீட்டுக்கு ஒரு மீட்டர் என்று சமமாகப் பங்கிட்டாலும் 120 மீட்டர்கூடத் தேறாது, ஆள் கணக்கில் ஏறத்தாழ 470 பேர். அதில் டிவிஆர் 1 என்றால் ஐந்து பேருக்கும் குறைவு. புள்ளியியல்படி அந்த 1 என்பது 0.1-இலிருந்து 1.9 வரை எங்கும் இருக்கலாம். இரண்டு வீட்டில் மின்சாரம் போனாலே தலைகீழாகும்.

டிஜியை நீங்களே அதிகமாக நறுக்கினாலும் இதே கதிதான். 5,000 பேர் உள்ள மாதிரியில் அதே டிவிஆர் 1, ஏறத்தாழ 0.7-க்கும் 1.3-க்கும் இடையில் நிற்கும். ஆகவே 0.9 உள்ள நிகழ்ச்சி 0.8 உள்ளதைவிடச் சிறந்தது என்று சொல்ல முடியாது. ஏஜென்சியிடம் மாதிரி அளவையும் பிழை வரம்பையும் கேளுங்கள், நான்கு வாரச் சராசரியை எடுங்கள். தசமப் புள்ளிக்கு அப்பால் சண்டை போடாதீர்கள்.

## 8. விலையை ஒரே அளவுகோலில் வையுங்கள்

சேனல்கள் 10 வினாடிக்கு விலை சொல்லும். அதை டிவிஆரால் வகுத்தால் வருவது சிபிஆர்பி, ஒரு ரேட்டிங் புள்ளியின் விலை. முன் சொன்ன நிகழ்ச்சியில் ₹20,000-ஐ 4-ஆல் வகுக்க ₹5,000. மதியம் ஓடும் இன்னொன்று 10 வினாடிக்கு ₹3,000, டிவிஆர் 0.8 என்றால் ₹3,750.

மதியம் மலிவு. ஆனால் 100 ஜிஆர்பி வேண்டுமென்றால் முதலாவதில் 25 ஸ்பாட் போதும், மதியத்தில் 125 ஸ்பாட் வேண்டும். அதே சிறிய கூட்டம் திரும்பத் திரும்பப் பார்க்கும், ரீச் ஏறாது. 20 வினாடிக்குச் செலவு முறையே ₹10,00,000-ம் ₹7,50,000-ம். பண்டிகைத் தள்ளுபடிபோல எல்லோருக்கும் தெரியவேண்டிய செய்திக்கு ரீச் வேண்டும். நகைச்சீட்டுபோல யோசித்துச் சேர வேண்டியதற்குத் திரும்பத் திரும்பப் பார்ப்பது உதவும். குறைந்தது மூன்று தடவை கண்ணில் பட வேண்டும் என்பது தொழிலில் உள்ள வழக்கம்.

நிகழ்ச்சி ரேட்டிங் வேறு, இடைவேளை ரேட்டிங் வேறு. விளம்பரம் வந்ததும் ரிமோட் கைக்குப் போகும். ‘பிரேக் ரேட்டிங் எவ்வளவு?’ என்று கேளுங்கள். இடைவேளையின் முதல் இடமும் கடைசி இடமும் நடுவைவிடத் தாங்கும், அவற்றுக்குக் கொஞ்சம் கூடுதல் கேட்டாலும் கொடுக்கலாம்.

போனஸ் ஸ்பாட் என்ற பெயரில் நள்ளிரவில் ஐம்பது தருவார்கள். ஸ்பாட்டை எண்ணாதீர்கள், அவற்றின் ஜிஆர்பியைக் கூட்டிப் பாருங்கள். பெரும்பாலும் ஒன்றும் தேறாது.

விலைக்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. ₹10,00,000 என்பது ₹11,80,000. சாதாரணப் பதிவில் இருப்பவர் உள்ளீட்டு வரி வரவு எடுக்கலாம், காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவருக்கு அது கிடையாது. பட்ஜெட்டைப் போடும்போதே இதைப் பிரித்துவையுங்கள்.

## 9. நாளைக் குமரிக் காலண்டரில் குறியுங்கள்

மாநிலச் சேனலின் விலை பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஏறும். நம் மாவட்டத்தில் ஓணத்துக்கு உள்ளூர் விடுமுறை, கிறிஸ்துமஸ் வியாபாரமும் பெரிது. சென்னைக்காரர் கூட்டம் கூட்டமாக வாங்காத அந்த வாரங்களில் விலை பேச இடம் இருக்கும்.

கல்யாண வியாபாரத்துக்கு ஆடியும் தவக்காலமும் மந்தம். தவக்காலத்தில் பொதுவாகக் கத்தோலிக்க வீடுகளில் கல்யாணம் வைப்பதில்லை. ஈஸ்டர் முடிந்ததும் வரும் கல்யாணங்களுக்குத் துணி எடுப்பது அதற்கு முன்பே நடந்துவிடும் என்பதால், விளம்பரம் தவக்காலத்தின் பின்பாதியில் ஓட வேண்டும், ஈஸ்டருக்குப் பிறகல்ல.

தொடக்க நாளைச் சனிக்கிழமையாக வையுங்கள். ரேட்டிங் வாரமும் அன்றுதான் தொடங்குகிறது, பின்னால் சரிபார்ப்பது எளிது.

## 10. ஆர்ஓவில் எழுத வேண்டியவை

விளம்பரத்தை ஓட்டச் சொல்லிச் சேனலுக்குக் கொடுக்கும் உத்தரவுதான் ரிலீஸ் ஆர்டர் என்கிற ஆர்ஓ. அதில் இல்லாத எதையும் பின்னால் கேட்க உரிமை இல்லை. சேனலின் பெயரோடு எஸ்டியா எச்டியா இரண்டுமா, தேதிகள், நேர வரம்பு, வினாடி, 10 வினாடிக்கான நிகர விலை, இடைவேளையில் எந்த இடம் ஆகியவற்றை எழுதுங்கள். ‘மாலை 6 முதல் இரவு 11 வரை எப்போது வேண்டுமானாலும்’ என்று விட்டால் பெரும்பங்கு 10.45-க்குப் போகும். வரம்பை ஒரு மணி நேரமாகச் சுருக்குங்கள், அல்லது நிகழ்ச்சியின் பெயரையே எழுதுங்கள்.

தவறிப்போன ஸ்பாட்டுக்கு ஈடாகத் தரும் மேக்-குட், அதே டிவிஆர் உள்ள இடத்தில், அதே பண்டிகைக்கு முன் வர வேண்டும் என்று சேர்த்துக்கொள்ளுங்கள். கிறிஸ்துமஸ் ஸ்பாட்டுக்கு ஜனவரியில் ஈடு கொடுத்து யாருக்கு என்ன பயன்?

## 11. ஓடி முடிந்த பிறகு சரிபாருங்கள்

விளம்பரம் எப்போதெல்லாம் ஓடியது என்று சேனல் தரும் டெலிகாஸ்ட் சர்ட்டிஃபிகேட் வந்ததும் ஒவ்வொரு ஸ்பாட்டின் நேரத்தையும் ஆர்ஓவோடு ஒப்பிடுங்கள். பிறகு ஏஜென்சியிடம், ஓடிய நிமிடங்களுக்கான உண்மையான டிவிஆரைக் கூட்டித் தரச் சொல்லுங்கள். திட்டமிட்டது 100, கிடைத்தது 78 என்றால், பாக்கித் தொகையைக் கட்டும் முன்பே அந்த வித்தியாசத்தைப் பேசுங்கள். கட்டிய பிறகு பேச்சுக்கு எடை இல்லை.

ஜிஆர்பி முழுதாக வந்திருந்தாலும் மாவட்டத்தில் என்ன நடந்தது என்று ஒரு கண் வையுங்கள். 2017 நவம்பர் 30-இல் ஓகி புயல் அடித்த பிறகு குமரியின் பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. மாநில ரேட்டிங்கில் அது ஒரு கீறலாகக்கூடத் தெரிந்திருக்காது, 39-இல் ஒரு பங்குதானே. புயல், தொடர்மழை, நீண்ட மின்தடை வருமென்று தெரிந்தால் மீதி ஸ்பாட்களை ஒத்திவைக்கும் உரிமையையும் ஆர்ஓவில் முன்கூட்டியே எழுதிக்கொள்ளலாம்.

விற்பனையை அளக்க, டிவிக்கென்று தனி போன் எண்ணோ தனிச் சலுகைக் குறியோ கொடுங்கள். ‘எங்கே பார்த்தீர்கள்?’ என்று வாயால் மட்டும் கேட்டால், டிவியில் வராத கடைக்கும் ‘டிவியில் பார்த்தேன்’ என்று பதில் வரும்.

## 12. ரேட்டிங் இல்லாத உள்ளூர் கேபிள் சேனலை எடை போடுவது

ஐந்தாம் படிக் கணக்குப்படி ஒற்றைக் கடைக்கு இதுதான் பெரும்பாலும் பொருந்தும். இதில் டிவிஆர் இல்லை, எனவே வேறு வழியில் எண்ண வேண்டும்.

ஆபரேட்டரிடம் மொத்த இணைப்பைக் கேட்காதீர்கள், இந்த மாதம் பணம் கட்டி இயங்கும் பெட்டிகளின் எண்ணிக்கையை ஊர் வாரியாகக் கேளுங்கள். டிடிஎச் வைத்த வீடுகளில் அந்தச் சேனல் தெரியாது. சேனல் எண் எத்தனை என்பதும் முக்கியம். தமிழ்ச் சினிமாச் சேனல்களுக்கு அருகில் இருந்தால் விரல் தானாக வந்து நிற்கும், எங்கோ கடைசியில் இருந்தால் தேடி வருபவர் மட்டுமே.

கோயில் கொடை, தேவாலயத் திருவிழா நேரலை ஓடும் நாள்களில் இந்தச் சேனல்களின் கூட்டம் மற்ற நாள்களைவிடப் பல மடங்கு. மாதச் சந்தாவாக நாள் முழுக்கப் பத்துத் தடவை ஓட்டுவதைவிட, அந்த நேரலைகளில் மட்டும் ஸ்பாட் வாங்குவது மேல். ஒரு ஸ்பாட்டுக்கான தொகையை, அந்த நேரத்தில் பார்த்திருக்கக்கூடிய ஆள் எண்ணிக்கையின் குறைந்தபட்ச மதிப்பீட்டால் வகுத்து, ஆயிரம் பேருக்கு எவ்வளவு என்று எடுங்கள். அது ₹784-க்குக் கீழே நின்றால் ஆபரேட்டரோடு பேச உட்காரலாம்.